இதில் சரி தப்பு கிடையாது

கில் மிசுன் ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு. "இதுல சரி தப்பு கிடையாதுங்க. மனசுல மொதல்ல என்ன படுதோ அதைப் போடுங்க." சொல்லிவிட்டுப் பென்சிலை, கூர்முனை தன் பக்கம் இருக்கும்படி, இரண்டு கையாலும் நீட்டுவாள். யோசு என்னும் ஊரின் துறைமுகத்து மருத்துவமனை ஒன்றில், மனநலப் பிரிவின் பரிசோதனை அறையில், முப்பத்தோரு வருஷமாக அவளுக்கு இதுதான் வேலை. தாளைக் கொடுப்பாள், திரும்பி வாங்குவாள், விட்டுப்போன கேள்வி இருக்கிறதா என்று பார்ப்பாள், துளை போட்ட அட்டையை மேலே வைத்துக் கட்டங்களை எண்ணுவாள்.

ஒருவன் தன்னைப் பற்றித் தானே சொல்லும் தாள் அது. 'நான் யார் என்று பல நேரம் எனக்கே தெரிவதில்லை.' 'என்னை நெருங்கி அறிந்தால் யாருக்கும் என்னைப் பிடிக்காமல் போய்விடும்.' இப்படி அறுபது வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே நான்கு கட்டங்கள்: இல்லவே இல்லை, கொஞ்சம், நிறைய, முழுக்க. மனுஷனின் உள்கட்டு எவ்வளவு உறுதியாக நிற்கிறது, எங்கே விரிசல் விட்டிருக்கிறது என்பதை இதை வைத்துத்தான் டாக்டர்கள் பார்ப்பார்கள்.

வருகிறவர்கள் எல்லோரும் அதைப் பரீட்சை என்றே நினைப்பார்கள். ஒரு நெத்திலிப் படகுக்காரர் பாதியில் நிமிர்ந்து கேட்டார்.

"ஏம்மா, இதுல ஃபெயில் ஆனா என்ன பண்ணுவாங்க?"

"இதுல ஃபெயிலே கிடையாதுங்கய்யா."

"ஃபெயில் இல்லாம என்னம்மா டெஸ்ட்? எம் பொண்டாட்டிகிட்ட சொல்லிடாதே, அவ வேற ஒண்ணு வெப்பா."

மிசுன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆனால் அந்த மனிதர் கேட்டது ஒன்றும் அசட்டுக் கேள்வி இல்லை. அந்த ஊரில் நடக்கப் பழகிய நாளிலிருந்து எல்லோருக்கும் எல்லாமே பரீட்சைதான். மிசுனும் அதே மண்ணில் முளைத்தவள்தானே. அவள் செய்த காரியத்துக்கு இதைவிடப் பெரிய சமாதானம் என்னிடம் இல்லை.

அவள் பிறந்தது எதிரே இருக்கும் தீவில், கடற்பாசி உலர்த்தும் வீட்டில், நாலாவது பெண்ணாக. மூன்று பெண்ணுக்குப் பிறகு வந்த நாலாவதிடம் 'நீ எப்படி இருக்கே' என்று யார் கேட்கப்போகிறார்கள்? இருபத்தாறு வயதில் கையெழுத்து அழகாக இருக்கிறதென்று மருத்துவமனையில் வேலை கிடைத்தது. முதல் வாரம் அந்த அறுபது வாக்கியங்களையும் படித்தவளுக்கு, ஒரு மனுஷியிடம் இதையெல்லாம்கூடக் கேட்பார்களா என்று ஆச்சரியமாக இருந்தது. மதியம் யாரும் இல்லாதபோது தானே ஒரு தாளை எடுத்து நிரப்பினாள். ஏழாவது கேள்வி, 'நான் யார் என்று பல நேரம் எனக்கே தெரிவதில்லை.' 'நிறைய' என்று போட்டாள். அட்டையை வைத்து எண்ணிப் பார்த்தாள். கூட்டுத்தொகை எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. தாளைச் சுக்குநூறாகக் கிழித்து, மூன்று வேறு வேறு குப்பைக் கூடைகளில் போட்டாள். அதற்குப் பிறகு தன்னைப் பற்றி யாரிடமும் அவள் வாய் திறக்கவில்லை.

பிறகு டவுன் பஸ் ஓட்டும் பான் என்பவனைக் கல்யாணம் செய்துகொண்டாள். அடுத்த வருஷமே ஒரு பையன் பிறந்தான். ஹன்கியோல் என்று பெயர் வைத்தார்கள். ஒரே சீராக, மாறாமல் இருப்பவன் என்று அர்த்தம். அன்றிலிருந்து தெருவில் அவளுக்குச் சொந்தப் பெயர் போய்விட்டது. ஹன்கியோல் அம்மா, ஹன்கியோல் அம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. நான் யார் என்ற கேள்விக்கு ஒரு பதில் கிடைத்த மாதிரி.

பையன் சாது. வைத்த இடத்தில் இருப்பான். கடுகுக்கீரை கிம்ச்சி ஊறுகாய் உறைத்தால் அழமாட்டான், தண்ணீரை மட்டும் குடிப்பான். "இவன் நம்ம புள்ளதானா, இல்ல ஆஸ்பத்திரியில மாத்திட்டாங்களா?" என்று பான் கேலி செய்வான். அவன் வாய் ஓயாமல் பேசுகிறவன். பஸ்ஸில் ஏறும் கிழவிகளிடம் வம்பிழுக்காவிட்டால் அவனுக்கு வண்டி ஓடாது.

ஹன்கியோல் நடுநிலைப் பள்ளியில் சேர்ந்த வருஷம், ஏப்ரல் மாதம், பள்ளியிலிருந்து ஒரு சீட்டு வந்தது. முதல் வருஷப் பிள்ளைகள் எல்லோருக்கும் மனநிலைக் கேள்வித்தாள்; ஆஸ்பத்திரியில் மிசுன் கொடுக்கும் அதே அறுபது வாக்கியங்கள். அதில் கூட்டுத்தொகை ஏறினால் 'கவனிக்க வேண்டிய பிள்ளை' என்று ஒரு பட்டியலில் பெயர் போகும். ரகசியம் என்றுதான் போட்டிருந்தது. ஆனால் போன வருஷம் மாடி வீட்டுப் பெண்ணின் பெயர் அந்தப் பட்டியலில் வந்தது ஒரே வாரத்தில் தெரு முழுக்கத் தெரிந்து, கோடை விடுமுறைக்குள் அவர்கள் வீட்டையே காலி பண்ணிக்கொண்டு போனார்கள்.

பரீட்சைக்கு முந்தின நாள், சாயங்காலச் சாப்பாடு முடிந்ததும், மேஜையைத் துடைத்துவிட்டுப் பழைய காலண்டர் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் கேள்விகளை நினைவிலிருந்து எழுதினாள். முத்து முத்தான கையெழுத்து. பக்கத்தில் நாலு நாலு கட்டம்.

"சும்மா போட்டுப் பாரு. இதுல சரி தப்பு கிடையாது."

பதின்மூன்று வயதுப் பிள்ளை அம்மா சொன்னதை நம்பினான். குனிந்து, நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டு, பென்சிலை அழுத்தி அழுத்திப் போட்டான். வாங்கிப் பார்த்தாள். 'நான் யார் என்று பல நேரம் எனக்கே தெரிவதில்லை': முழுக்க. 'எனக்குள்ளே ஒன்றுமே இல்லாதது போல இருக்கிறது': நிறைய. 'என்னை நெருங்கி அறிந்தால் யாருக்கும் என்னைப் பிடிக்காமல் போய்விடும்': முழுக்க.

பிள்ளை எதிரே உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக மனசைத் திறந்து ஒரு தாளில் வைத்து நீட்டியிருக்கிறான். என்னடா ஆச்சு என்று கேட்டிருக்கலாம். பக்கத்தில் இழுத்து உட்காரவைத்திருக்கலாம். ஒன்றுமே தெரியாவிட்டால் அழுதாவது தொலைத்திருக்கலாம். மிசுன் ரப்பரை எடுத்தாள்.

"இதெல்லாம் வயசுக் கோளாறு. எல்லாருக்கும் இருக்கறதுதான். தாள்ல போடக்கூடாது." கரகரவென்று அழித்தாள். ரப்பர் துகளை ஊதினாள். "நல்லாக் கேட்டுக்கோ. இந்த மாதிரிக் கேள்விக்கு எல்லாம் 'இல்லவே இல்லை'. ஆனா வரிசையா அதையே போட்டா சந்தேகம் வரும். நடுநடுவுல 'கொஞ்சம்' போடு. 'நான் பொய்யே சொன்னதில்லை'ன்னு ஒண்ணு வரும், அது பொறி. அங்க நல்லவன் வேஷம் போட்டே, மாட்டிக்குவே. அப்புறம், கேட்டதையே வார்த்தையை மாத்தித் திரும்பக் கேப்பாங்க. ஏழும் இருபத்திமூணும் ஒண்ணு. ரெண்டுக்கும் ஒரே பதில் இருக்கணும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதும்மா."

"ஏழுக்கு என்ன?"

"இல்லவே இல்லை."

"இருபத்திமூணுக்கு?"

"இல்லவே இல்லை."

பான் சோபாவில் படுத்துக்கொண்டே சிரித்தான். "உங்கம்மா வீட்டுலயே பரீட்சை மண்டபம் தொறந்துட்டாடா. அடுத்தது எனக்கும் வெப்பா."

"உங்களுக்கு எல்லாம் தாளே தேவையில்ல, மூஞ்சியப் பார்த்தாலே தெரியுது," என்றாள் மிசுன். மூவரும் சிரித்தார்கள்.

மறுநாள் பையனின் பிறந்தநாள். பிறந்தநாள் என்றால் காலையில் கடற்பாசி சூப் வைக்காத வீடு அந்த ஊரில் கிடையாது. ஆனால் பரீட்சை நாளில் அதைத் தொடமாட்டார்கள்; வழவழவென்று வழுக்குவதால் பிள்ளையும் வழுக்கிவிடுவான் என்று பயம். தீவில் கடற்பாசி உலர்த்தும் வீட்டுப் பெண், பையனின் பிறந்தநாளில் அதை அடுப்பில் ஏற்றவில்லை. அதற்குப் பதிலாக, ஒட்டிக்கொண்டு நிற்கட்டும் என்று பிசுபிசுவென்ற அரிசி மிட்டாய் ஒன்றை வாயில் போட்டு அனுப்பினாள். சரி தப்பு கிடையாது என்று தினம் ஊருக்குச் சொல்கிறவள்தான்.

பட்டியலில் பையன் பெயர் வரவில்லை. காலண்டர் தாளைக் கெட்டித் தாளாயிற்றே என்று அலமாரியின் அடித்தட்டில் விரித்து, மேலே குளிர்காலத் துணிகளை அடுக்கினாள்.

அதற்குப் பிறகு ஹன்கியோல் நிரப்பாத தாள் இல்லை. கட்டாய ராணுவ சேவைக்கு ஆளெடுக்கும்போது வைத்த கேள்வித்தாளை முடித்து வெளியே வந்தவன், முதலில் அம்மாவுக்குத்தான் போன் செய்தான். "எல்லாம் நீ சொன்னபடியே போட்டேன்ம்மா. முதல் தரம்னு சொல்லிட்டாங்க." அன்றைக்கு வீட்டில் மாட்டிறைச்சி வாட்டினார்கள். ராணுவத்திலிருந்து வந்த ஒவ்வொரு கடிதத்திலும் 'நன்றாக இருக்கிறேன்' என்றே இருந்தது. வேலைக்கு மனுப் போட்ட மூன்று கம்பெனிகளும் அதே மாதிரித் தாளைத்தான் வைத்தன. மூன்றிலும் தேறினான். கூடப் படித்தவர்கள் வந்து, எப்படிடா போடறே என்று கேட்டார்கள். மிசுனுக்கு அப்போது பெருமை தாங்கவில்லை. இதைச் சொல்ல எனக்கே வருத்தமாக இருக்கிறது, ஆனால் அவள் முகத்தில் இருந்தது பெருமைதான்.

இந்த மார்ச் மாதக் கடைசியில் பான் பஸ்ஸை நிலையத்தில் திருப்பும்போது, வெளியூர்ப் பேருந்துகள் நிற்கும் பக்கத்துப் பெஞ்சில் கோட்டும் டையுமாக ஒருவன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான். நம்ம பையன் மாதிரி இருக்கே என்று நினைத்தான். அடுத்த நடையிலும் அங்கேயே இருந்தான். அதற்கடுத்த நடையிலும். வண்டியை நிறுத்திவிட்டு, பயணிகள் கத்துவதைக் காதில் வாங்காமல், இறங்கி ஓடினான்.

"டேய், ஆபீஸ் போகல?"

"போகணும்ப்பா," என்று எழுந்தான் ஹன்கியோல். எழுந்தவன் அப்படியே சரிந்து விழுந்தான்.

நாற்பது நாளாக அவன் வேலைக்கே போகவில்லை. தினம் காலையில் குளித்து, டை கட்டி, போய்ட்டு வரேம்மா என்று சொல்லிவிட்டு, அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். மதியம் சாப்பிட்டதில்லை. மருத்துவமனையில் எடை பார்த்தபோது நாற்பத்தொன்பது கிலோ இருந்தான். வாட்டசாட்டமான பிள்ளை என்று சொல்ல முடியாது, ஆனாலும் இருபத்தொன்பது வயது ஆண்மகன்.

அவனைச் சேர்த்தது மிசுன் வேலை பார்க்கும் பிரிவில்தான்; அவன் தாளை அவள் தொடக்கூடாது என்று அங்கே இருந்த டாக்டர் நம்குங் முதலிலேயே சொல்லிவிட்டாள். மிசுனைவிடப் பதினைந்து வயது சின்னவள், கண்டிப்பானவள், ஆனால் ஒருநாளும் அவளை அக்கா என்று தவிர வேறு மாதிரிக் கூப்பிட்டதில்லை. ஏப்ரல் இரண்டாவது வாரம், புதன்கிழமை மதியம், மிசுனை அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னாள்.

"அக்கா, தம்பி தாளைப் பார்த்தேன். எனக்கு ஒண்ணுமே பிடிபடல. பொய் சொல்றவங்க தாள் இப்படி இருக்காது. எங்கயும் மிகைப்படுத்தல, திரும்பக் கேட்டதுக்கு எல்லாம் அதே பதில். பேசினாலும் சிரிச்ச முகமா, நல்லாருக்கேன் டாக்டர், கொஞ்சம் களைப்புங்கறான். வேற காரணம் எதுவும் கிடைக்கலேன்னா வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்பற மாதிரிதான் இருக்கும்."

மேஜையில் தாள் விரிந்து கிடந்தது. மிசுன் தலைகீழாகவே படித்துவிட்டாள். ஏழு, இல்லவே இல்லை. இருபத்துமூன்று, இல்லவே இல்லை. பொய்யே சொன்னதில்லை என்ற பொறியில் அழகாக ஒரு 'கொஞ்சம்'. பதினாறு வருஷமாகியும் ஒரு புள்ளி பிசகவில்லை. அவள் கையெழுத்தில் அவள் எழுதியதைப் போலவே இருந்தது.

வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தால் திங்கட்கிழமை காலை மறுபடி டை கட்டிக்கொண்டு அந்தப் பெஞ்சுக்குத்தான் போவான். அடுத்த தடவை அவன் அப்பா அந்த நேரத்துக்கு அந்தப் பக்கம் வருவார் என்று என்ன நிச்சயம்? இதைத் தெரிந்தவள் அந்தக் கட்டடத்தில் அவள் ஒருத்திதான். சொன்னால் முப்பத்தோரு வருஷ வேலைக்கே கேடு. கேள்வித்தாளை வீட்டுக்குக் கொண்டுபோனவள் என்ற பெயர் ஒட்டிக்கொள்ளும். அவள் எழுந்து, பஸ் பிடித்து வீட்டுக்குப் போனாள். அலமாரியிலிருந்த கம்பளித் துணிகளை எல்லாம் தரையில் தள்ளிவிட்டு, அடித்தட்டிலிருந்து காலண்டர் தாளை உரித்தெடுத்தாள்.

ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்து அதை டாக்டர் முன்னால் வைத்தாள்.

"ஜன்னல் பக்கம் சாய்ச்சுப் பாருங்க. அழிச்சிருக்கு, ஆனா அவன் அழுத்திப் போடறவன். பள்ளம் தெரியும்."

டாக்டர் சாய்த்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "யார் அழிச்சது?"

"நான்தான். நான்தான் அழிச்சேன். அந்தத் தாள்ல இருக்கறது அவன் எழுதினது இல்ல டாக்டர், நான் சொல்லிக் குடுத்தது. எல்லாத் தாளும் அப்படித்தான். வேலை போனாப் போகட்டும், பையனை மட்டும் அனுப்பிடாதீங்க." சொல்லும்போதே மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்த அறையில் எத்தனையோ பேர் அழுது பார்த்திருக்கிறாள். டிஷ்யூப் பெட்டி எந்த இழுப்பறையில் இருக்கிறதென்று அவளுக்குத் தெரியும். எடுக்கக் கை வரவில்லை.

"வேலையைப் பத்தி அப்புறம் பேசலாம்க்கா," என்றாள் டாக்டர். "எனக்கு வேற கவலை. இவனுக்கு நான் எந்தத் தாளைக் குடுத்தாலும் அதை நீங்கதானே எழுதுவீங்க?" காலண்டர் தாளை மெல்லக் கீழே வைத்தாள். "நாளைக்கு நீங்களே குடுங்க. விதிப்படி கூடாதுதான். ஆனா நீங்க பூட்டினது, நீங்கதான் தொறந்து பார்க்கணும்."

மறுநாள் காலை மிசுன் கடற்பாசி சூப் வைத்தாள். பையனின் பிறந்தநாள் முடிந்து ஆறு நாள் ஆகியிருந்தது. பிறந்தநாளன்று அவனுக்குக் கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. சிப்பி போட்டு, எண்ணெயில் வதக்கி, தீவில் அவள் அம்மா வைத்ததைப் போலவே வைத்து, சூடு ஆறாத டப்பாவில் எடுத்துக்கொண்டு போனாள்.

ஹன்கியோல் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். தலையைத் தண்ணீர் தொட்டு வாரியிருந்தான். மூடியைத் திறந்ததும் முகம் மாறியது.

"என்னம்மா இது, இன்னிக்குப் போய்? டெஸ்ட் இருக்குன்னு டாக்டர் சொன்னாங்களே."

"இருக்கட்டும்டா. உன் பொறந்தநாள் சூப்பு."

"வழுக்கிடாது?"

"வழுக்கட்டும். இன்னிக்கு வழுக்கினாத்தான் எனக்கு நிம்மதி."

அம்மா ஏதோ தமாஷ் பண்ணுகிறாள் என்று மரியாதைக்குச் சிரித்தான். மூடியை எடுத்து டப்பாவை இறுக்கி மூடி ஓரமாக வைத்தான். "முடிச்சிட்டுச் சாப்பிடறேன்ம்மா."

மிசுன் தாளை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். பென்சிலை, கூர்முனை தன் பக்கம் இருக்கும்படி, இரண்டு கையாலும் நீட்டினாள்.

"கண்ணு, நான் அன்னிக்குச் சொல்லிக் குடுத்தது எல்லாம் தப்பு. எல்லாத்தையும் மறந்துடு. அம்மா உனக்குப் பெரிய பாவம் பண்ணிட்டேன். நீ எப்படி இருக்கியோ அப்படியே போடு. எவ்வளவு மோசமா இருந்தாலும் சரி."

"சரிம்மா," என்றான் உடனே. பென்சிலை வாங்கிக்கொண்டு, கதவுப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினான். "மாத்திட்டாங்களாம்மா? இப்பல்லாம் மோசமாப் போடணுமா?"

"இல்லடா..."

"எவ்வளவு மோசமா? எல்லாத்துக்கும் 'முழுக்க'ன்னா சந்தேகம் வரும்ல. நடுநடுவுல 'நிறைய' போடவா?"

அவன் அக்கறையாகக் கேட்டுக்கொண்டிருந்தான். அம்மாவுக்கு உதவியாக இருக்கவேண்டுமே என்ற தவிப்பு அந்த ஒட்டிப்போன முகத்தில் அப்படியே தெரிந்தது.

"இதுல சரி தப்பு கிடையாதுடா," என்றாள். சொல்லிச் சொல்லித் தேய்ந்த வாக்கியம், வாயிலிருந்து தானாக வந்தது. "மனசுல மொதல்ல என்ன படுதோ..."

"தெரியும்மா. அது எல்லாருக்கும் சொல்றது." பொறுமையாகச் சொன்னான். குனிந்து பார்த்தான். முதல் ஆறு கேள்விகளை விட்டுவிட்டுப் பென்சில் நேராக ஏழில் போய் நின்றது. அவனுக்கு எல்லாத் தாளிலும் அதுதான் அடையாளம். வாய்க்குள் படித்தான். நான் யார் என்று பல நேரம் எனக்கே தெரிவதில்லை. யோசித்தான். நிஜமாகவே யோசித்தான், நெற்றி சுருங்கியது, நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டான். பதின்மூன்று வயதில் அப்படித்தான் கடிப்பான்.

அவன் நிமிர்ந்தான்.

"இதுக்கு நாம முன்னாடி என்னம்மா போட்டோம்? நீ அழிக்கறதுக்கு முன்னாடி?"

பொய் சொல்ல அவளிடம் இனி ஒன்றும் மிச்சமில்லை. "முழுக்கன்னு போட்டே. நீயாத்தான் போட்டே. நான்தான் அழிச்சேன்."

"ஓ," என்றான் ஹன்கியோல். 'முழுக்க' என்ற கட்டத்தில் சுத்தமாக, அளவாக ஒரு கோடு போட்டான். பக்கத்தைத் திருப்பி இருபத்துமூன்றிலும் அதையே போட்டான். பிறகு முதல் பக்கத்துக்கு வந்து, பென்சிலை எட்டாவது கேள்வியில் வைத்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தான்.

"போட்டாச்சும்மா. அடுத்தது?"